தன்னை அறிவதும் பிறரை நடத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் 28 ஆண்டுகள் தாதியாக இருந்தேன். அவற்றில் கடைசி 11 ஆண்டுகள் ஒரு வார்டின் தாதியர் குழுவுக்குப் பொறுப்பாளர். ஓய்வுபெற்ற பிறகு, சனிக்கிழமை மாலைகளில் ஒரு சமூக மன்ற அறையில், புதிதாகப் பொறுப்புக்கு வந்த தமிழர்களைச் சந்தித்துப் பேசுகிறேன். கட்டுமானத் தள மேற்பார்வையாளர்கள், பாலர்பள்ளி ஆசிரியைகள், பாதுகாவல் அதிகாரிகள், கோயில் தொண்டூழியர்கள் எனப் பலரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தந்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

1. “நாற்பது வருடமாக என்னோடுதான் நான் வாழ்கிறேன். என்னை எனக்குத் தெரியாதா, அக்கா?”

உங்கள் எண்ணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாது. நல்ல மனத்தோடுதான் சொன்னோம் என்பது நமக்குத் தெரிவதால், அது நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எதிரில் நிற்பவருக்கோ நம் மனம் தெரியாது. நம் குரல், புருவம், கதவைச் சாத்திய வேகம் இவைதாம் தெரியும்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் இருவரும் இதை நான்கு கட்டங்கள் கொண்ட சன்னலாக வரைந்து காட்டினார்கள். இருவர் பெயரையும் இணைத்து அதை ஜொஹாரி சன்னல் என்பார்கள். நமக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒரு கட்டம். நமக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று. யாருக்குமே தெரியாதது மற்றொன்று. பிறருக்கெல்லாம் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாதது நான்காவது. பொறுப்பில் இருப்பவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த நான்காவதுதான். நாற்பது வருடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் அதை நாமாகத் திறக்க முடியாது. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது.

2. “இது தியானம், ஆன்மிகம் சம்பந்தப்பட்டதா?”

இல்லை. ‘நான் யார்’ என்ற பெரிய விசாரணையில் இறங்கியவர்களை மதிக்கிறேன். அது வேறு பாதை. இங்கே நாம் கேட்பவை சிறிய கேள்விகள். நெருக்கடி வரும்போது நான் என்ன செய்கிறேன்? எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறேன்? யாருடைய பாராட்டுக்காக ஏங்குகிறேன்? எது நடந்தால் என் குரல் உயர்கிறது? இவற்றுக்கு உங்களிடம் உண்மையான பதில் இருந்தால் அதையே தன்னறிவு என்கிறேன்.

3. “நான் துப்புரவுப் பணியாளர். என் கீழ் யாரும் இல்லை. தலைமைத்துவப் பேச்செல்லாம் எனக்கு எதற்கு?”

உங்கள் கீழ் ஒருவர் இருக்கிறார். அதிகாலை 4.30 மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்க விரும்புகிறவர் அவர். மிகைநேர ஊதியம் கைக்கு வந்த அன்றே அதைச் செலவழித்துவிடத் துடிக்கிறவரும் அவரே. அவரை நடத்திப் பழகாமல் இன்னொருவரை நடத்தப் போவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. துப்புரவுத் துறையில் 2014 முதல் நடப்பில் உள்ள படிப்படியாக உயரும் சம்பள முறையில் மேற்பார்வையாளர் என்பது ஒரு படி. அந்தப் படிக்கு வந்தவர்கள் பலர் என்னிடம் வந்து தவித்திருக்கிறார்கள். நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்களிடம் இன்று எப்படிப் பேசுவது என்று தெரியாமல் சிலர் கெஞ்சுகிறார்கள், சிலர் அதட்டுகிறார்கள். தன்னைப் படிக்க அன்றைக்கு நேரம் இருக்காது. உங்களுக்கு இப்போது இருக்கிறது.

4. “எங்கே தொடங்குவது? ஒரே ஒரு வழி சொல்லுங்கள். பத்து வழி சொன்னால் ஒன்றையும் செய்ய மாட்டேன்.”

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கைப்பேசி வேண்டாம், அதைத் திறந்தால் வேறு எதையோ பார்க்கத் தொடங்கிவிடுவோம். வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸிலோ ரயிலிலோ மூன்று வரி எழுதுங்கள். இன்று மனம் கொதித்த அல்லது சுருங்கிய ஒரு நிமிடம் எது, அப்போது என் வாய் என்ன சொன்னது, உடம்பில் என்ன தெரிந்தது. தீர்ப்பு எழுதக் கூடாது. ‘நான் மோசமாக நடந்துகொண்டேன்’ என்பது தீர்ப்பு. ‘மருந்து வண்டியின் அருகே, மூன்று பேர் முன்னால், அவள் பேசி முடிக்குமுன் குறுக்கிட்டேன், தாடை இறுகியிருந்தது’ என்பது குறிப்பு. நோயாளியின் பதிவேட்டில் தாதியர் ‘கோபக்காரர்’ என்று எழுதக் கூடாது. என்ன சொன்னார், என்ன செய்தார், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். அதே ஒழுங்கை உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் பின்பக்கத்தை முடிவுகளுக்கு ஒதுக்குங்கள். இது மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999ஆம் ஆண்டில் எழுதி விளக்கிய முறை. முக்கியமான ஒரு முடிவை எடுக்கும்போது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதிவையுங்கள். 9 அல்லது 12 மாதம் கழித்து, நடந்ததோடு அதை ஒப்பிடுங்கள். ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று நினைவு நம்மை ஏமாற்றும். எழுதிவைத்த தாள் ஏமாற்றாது.

இதைச் செய்யத் தொடங்கி மூன்றாம் ஆண்டில்தான் ஆட்களை எடைபோடுவதில் நான் தவறுகிறேன் என்று கண்டுகொண்டேன். நேர்முகத்தில் கலகலவென்று பேசியவர்களைப் பற்றியெல்லாம் உயர்வாக எழுதியிருந்தேன். வார்டைத் தாங்கியவர்களோ அதிகம் பேசாதவர்கள். நோட்டு இல்லாவிட்டால் ஆள்களைக் கணிப்பதில் நான் கெட்டிக்காரி என்ற நம்பிக்கையோடே ஓய்வுபெற்றிருப்பேன்.

5. “‘ஏன் அப்படிச் செய்தேன்’ என்று யோசித்தால் நூறு காரணம் வருகிறது. எது உண்மை என்று எப்படித் தெரியும்?”

தெரியாமலே போகலாம். ரிச்சர்ட் நிஸ்பெட், திமத்தி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். ஆனால் மற்ற எதையும்விட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, அது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை.

நாமும் அப்படித்தான் நம் செயலுக்குப் பொருத்தமான காரணத்தைப் பிறகு தைத்துக்கொள்கிறோம். அதனால்தான் நான்காம் பதிலில் சொன்ன மூன்று வரிகளிலும் ‘ஏன்’ இல்லை. எப்போது, எங்கே, யார் முன்னால், என்ன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டு மாதம் கழித்துப் படித்தால், உங்கள் கோபமெல்லாம் மதிய உணவு தவறிய நாள்களில் வந்திருப்பது கண்ணில் படலாம்.

6. “வேலையிடத்தில் ஆளுமைச் சோதனை எழுதினேன். நான்கு எழுத்து வந்தது. அது அப்படியே நான்தான். அது போதாதா?”

‘அப்படியே நான்தான்’ என்று தோன்றுவதை நம்ப வேண்டாம். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளுமை விவரம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4க்கும் மேல். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே வாசகம்! சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்தவை அந்த வரிகள். இந்த ஆய்வு 1949ஆம் ஆண்டில் வெளியானது. நாளிதழ் ராசிபலன் பொருந்துவதும் இந்த வகையில்தான்.

ஆளை நான்கு ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்தும் அந்தச் சோதனையை, உளவியலாளர் கார்ல் யூங் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்துகளின் அடிப்படையில் பிரிக்ஸ், மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கினார்கள். சில வாரம் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது. சக ஊழியரோடு பேச்சைத் தொடங்க அது உதவும். அதைக் காட்டி ‘நான் இப்படித்தான்’ என்று சொல்லாதீர்கள்.

7. “பன்னிரண்டு வயதிலேயே என்னை வழக்கநிலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எவ்வளவுதான் என்று அன்றே தெரிந்துவிட்டதே?”

இந்தக் கேள்வியை ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் கேட்கிறார். பெரும்பாலும் எல்லாரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்கிறார். அந்த வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் மாணவர்களை விரைவுநிலை, அதைவிட மெதுவாகச் செல்லும் வழக்கநிலை என்று பிரித்தார்கள். அந்தத் தேர்வு ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்ற நான்கு பாடங்களை அளந்தது. அழுகிற ஒருவரை உங்களால் அமைதிப்படுத்த முடியுமா என்று அது கேட்கவில்லை. எல்லாரும் பதறும்போது நீங்கள் பதறாமல் நிற்பீர்களா என்றும் கேட்கவில்லை. அந்தப் பிரிவுகளை, 2024ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து கல்வி அமைச்சே எடுத்துவிட்டது. இப்போது பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். பள்ளி கைவிட்ட முத்திரையை நீங்கள் ஏன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும்?

உயர்ந்த முத்திரையும் இதே கேட்டைச் செய்கிறது. எப்போதும் முதல் மாணவராக இருந்தவர் மேலாளரானதும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற இரண்டு சொற்களைச் சொல்ல வாய் வராமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவரது குழு அதற்கு விலை கொடுக்கிறது.

செய்ய வேண்டியது இது. உங்களைப் பற்றி நீங்கள் நம்புகிற மூன்றை எழுதுங்கள். ‘எனக்கு எழுத வராது’ போல. பக்கத்தில், அதை முதலில் சொன்னவர் யார், எந்த வயதில், கடைசியாக அது உண்மையாக இருந்தது எப்போது என்று எழுதுங்கள். எங்களோடு இருந்த ஒரு பாதுகாவல் அதிகாரி ‘கடைசியாக உண்மையாக இருந்தது எப்போது’ என்ற இடத்தை நிரப்ப முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய சம்பவ அறிக்கைகளை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

8. “பிறரிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்கள்.”

நான் பொறுப்பாளரான இரண்டாம் ஆண்டு. ஓர் இளம் தாதி மருந்தளவைச் சரிபார்க்க ஒரே நாளில் நான்காவது முறையாக என்னிடம் வந்தாள். ‘இதுகூடத் தெரியாதா?’ என்றேன். சத்தம்கூடப் போடவில்லை. அதன்பிறகு அவள் வரவில்லை. கற்றுக்கொண்டுவிட்டாள் என்று மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்து ஓர் இரவுப் பணியில், அவள் போட்ட கணக்கில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்ததை இன்னொரு தாதி கடைசி நேரத்தில் பார்த்து நிறுத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். ‘உங்களிடம் வருவதைவிட நானே இரண்டு முறை கணக்குப் போடுவது மேல் என்று நினைத்தேன், சிஸ்டர்’ என்றாள். வயதான நோயாளிகள் ‘மிஸ்ஸி, மிஸ்ஸி’ என்று என்னை அன்போடு அழைத்த அதே வார்டில், என் ஆட்கள் என்னிடம் வரப் பயந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியாமல் இருந்த நான்காவது கட்டம் அது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளின் தாதியர் குழுக்களை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். மாறாக, அங்கேதான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் தவறை வாய்விட்டுச் சொல்லும் துணிவு இருந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். எனவே ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற பதிலே உங்களுக்குக் கிடைத்த முதல் செய்தி.

‘நான் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ‘நேற்றுப் பணி ஒப்படைக்கும்போது நான் செய்த எது உங்கள் வேலையைக் கடினமாக்கியது?’ என்று தனியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் நன்றி சொல்லி நிறுத்துங்கள். விளக்கம் கொடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும். முதலில் ஓர் அற்ப விஷயத்தைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அற்ப விஷயத்தை அடுத்த வாரத்துக்குள் நீங்கள் சரிசெய்தால், உண்மையான குறை வெளிவரும்.

9. “என் கீழ் வேலை செய்யும் சின்னப் பையனிடம் என் குறையைக் கேட்டால் மரியாதை என்ன ஆகும்?”

இடித்துச் சொல்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்கிறது 448ஆவது குறள். வள்ளுவர் அங்கே பேசுவது பெரியோரின் துணையைப் பற்றி. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இன்றைய வேலையிடத்தில் உங்கள் நடத்தையை மிக அருகிலிருந்து, மிக அதிக நேரம் பார்க்கிறவர் அந்தச் சின்னப் பையன். உங்கள் மேலதிகாரி பார்ப்பது நீங்கள் அவருக்குக் காட்டும் முகத்தை. ‘தம்பி, இதில் எனக்கு உன் உதவி வேண்டும்’ என்று கேட்டதால் மரியாதை இழந்தவரை நான் பார்த்ததில்லை. சொன்னதற்காகப் பிறகு பழிவாங்கி மரியாதை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10. “தமிழ் ஊழியர்கள் என்னைக் கலகலப்பானவன் என்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், மியன்மார்க்காரர் எல்லாரும் கடுமையானவன் என்கிறார்கள். இதில் எது நான்?”

இரண்டும் நீங்கள்தான். இந்த ஊரில் நான் அடிக்கடி கண்ட காரணம் மொழி. தமிழில் நமக்குச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியும், கேலி செய்யத் தெரியும், ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளப்பா’ என்று உரிமையோடு வேலை வாங்கத் தெரியும். வேலையிட ஆங்கிலத்தை நம்மில் பலர் உத்தரவு கேட்டே கற்றோம். அதனால் ஆங்கிலத்துக்கு மாறியதும் நம் வாயில் வருவது செய், நிறுத்து, கொண்டுவா என்ற ஏவல்தான். கேட்பவர் அதை நம் குணம் என்று எடுத்துக்கொள்கிறார். தமிழரிடம் மட்டும் சிரிப்பதைப் பார்க்கும்போது பாரபட்சம் என்றும் எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு கட்டுமானத் தள மேற்பார்வையாளர் தம் காலை டூல்பாக்ஸ் மீட்டிங் பேச்சை, அதாவது வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றி ஊழியர்களிடம் பேசுவதை, பதிவுசெய்து கேட்டார். ஏழு நிமிடத்தில் ஒரு கேள்விகூட இல்லை. மறுவாரம் முதல், ‘இன்று உங்களுக்கு எது ஆபத்தாகத் தெரிகிறது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான்காம் நாள், அதுவரை வாய் திறக்காத ஒரு பங்களாதேஷ் ஊழியர், சாரத்தில் ஒரு பலகை ஆடுவதைக் கைகாட்டினார்.

11. “என்னை ஆராய ஆராய மனம் சோர்ந்துபோகிறது. இரவெல்லாம் அதே நினைப்பு.”

அது ஆராய்வதன்று, மனத்தைப் போட்டு அரைப்பது. வேறுபாடு எளிது: பத்து நிமிடம் யோசித்த பிறகு நாளைக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள். மூன்று வரி என்றால் மூன்றே வரி. நன்றாகச் செய்த நாள்களையும் எழுதுங்கள். அதுவும் உங்களைப் பற்றிய உண்மை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற தொலைபேசி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தயங்க வேண்டாம்.

12. “என் குறை தெரிந்துவிட்டது. ஆனாலும் மாற முடியவில்லை. தெரிந்து என்ன பயன்?”

மாற முடியாததைச் சுற்றி வேலி போடலாம். காலைப் பணி தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை என்று நோட்டு காட்டியது. எவ்வளவோ முயன்றும் அது முழுதாகப் போகவில்லை. எனவே குழுவிடமே சொன்னேன்: ‘விடுப்பு, பணிநேர மாற்றம் எல்லாம் பத்து மணிக்குப் பிறகு கேளுங்கள். நோயாளி பற்றிய சந்தேகத்தை மட்டும் எந்த நிமிடமும் கேளுங்கள். என் முகத்தைப் பார்க்காதீர்கள்.’ எட்டாம் பதிலில் வந்த அந்த இளம் தாதிதான் பிறகு புதியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பாள்.

13. “என் மேலாளர் கத்துவார். கேட்டால் ‘எனக்கு என்னைத் தெரியும், நான் கோபக்காரன்’ என்பார். அவரும் தன்னை அறிந்தவர்தானே?”

அவர் வாடிக்கையாளரிடமும் தம் மேலதிகாரியிடமும் கத்துகிறாரா என்று பாருங்கள். கத்தவில்லை என்றால், அவரால் கோபத்தை அடக்க முடிகிறது. யாரிடம் அடக்க வேண்டியதில்லை என்று முடிவுசெய்திருக்கிறார். தம்மைப் பற்றி அவருக்குத் தெரியாதது அதுதான். தம் கோபத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் அவர் கணக்கில் வரவில்லை.

அவரைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. அவர் கத்திய பிறகு வரும் அரைமணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். பலர் அதை அப்படியே தமக்குக் கீழே இருப்பவரிடம் இறக்கிவைக்கிறார்கள். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் இறக்குகிறார்கள். அந்த அரைமணி உங்களுடையது.

14. “பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை தொடங்குகிறேன். இந்த இரண்டு நாளில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்ய?”

உங்களோடு இப்போது வேலை செய்கிறவர்களில், மிகக் கடுமையான ஒரு நாளில் உங்களைப் பார்த்த ஒருவரைக் காப்பிக்கடைக்கு அழையுங்கள். ‘வேலை நெருக்கும்போது நான் என்ன செய்கிறேன்?’ என்று கேளுங்கள். எட்டாம் பதிலில் சொன்னதுபோல, விளக்கம் எதுவும் கொடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் வழியில், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மெருகேற்ற வேண்டாம். இதை ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்துவிட வேண்டும். திங்கட்கிழமை முதல் அவருடைய விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். அதே கேள்விக்கு அதே பதிலை அவர் அப்போது சொல்ல மாட்டார்.